லிப்போசோம் வழி ஊட்டச்சத்துத் துணையுணவுகளின் சோதனை

லிப்போசோம் வழி ஊட்டச்சத்துத் துணையுணவு என்பது உயிர்ச்சத்து, கனிமம், தாவரச்சாறு போன்றவற்றை நுண்ணிய கொழுமியக் கூடுகளுக்குள் அடைத்து, வாய்வழியே உடலுக்குக் கொடுக்கும் நோக்குடன் தயாரிக்கப்படும் பொருள் ஆகும். நீர்மம், கூழ், தூள், குளிகை ஆகிய வடிவங்களில் இது விற்கப்படுகிறது. உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து டி, இரும்புச்சத்து, மஞ்சளிலுள்ள குர்குமின் ஆகியவை இவ்வகையில் பரவலாகக் கிடைக்கின்றன. சாதாரண சத்து மாத்திரையை விட இவற்றின் விலை பெரும்பாலும் பன்மடங்கு அதிகம்.

இத்தகைய பொருளின் மீது சொல்லப்படும் "லிப்போசோம்" என்ற சொல்லில் மூன்று வெவ்வேறு கூற்றுகள் அடங்கியுள்ளன. கூடுகள் உண்மையிலேயே உள்ளன என்பது முதலாவது. அவை இரைப்பையையும் குடலையும் தாக்குப்பிடிக்கின்றன என்பது இரண்டாவது. அதனால் உடலுக்குக் கூடுதல் பயன் கிடைக்கிறது என்பது மூன்றாவது. ஒன்றுக்கான சான்று மற்றொன்றுக்குச் சான்றாகாது. எனவே மூன்றும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும்.

அமைப்பு

லிப்போசோமின் சுவர் பாஸ்போலிப்பிட் எனப்படும் கொழுமிய மூலக்கூறுகளால் ஆனது. இம்மூலக்கூறின் தலைப்பகுதி நீரை விரும்பும். இரட்டை வால்பகுதி நீரை வெறுக்கும். நீரில் இடப்படும்போது வால்கள் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகவும், தலைகள் நீரை நோக்கி வெளிப்புறமாகவும் அமைந்து ஈரடுக்குப் படலம் உருவாகிறது. இப்படலம் வளைந்து மூடிக்கொள்ளும்போது நடுவில் நீர் நிறைந்த கூடு கிடைக்கிறது. உயிரணுவின் மென்சவ்வும் இதே ஈரடுக்கு அமைப்பைக் கொண்டதாகும்.

ஈரடுக்கின் தடிமன் ஏறத்தாழ 4 முதல் 5 நானோமீட்டர். கூட்டின் விட்டம் சில பத்து நானோமீட்டரிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை இருக்கலாம். நீரில் கரையும் உயிர்ச்சத்து சி போன்றவை நடுவிலுள்ள நீரில் தங்குகின்றன. கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து டி, குர்குமின் போன்றவை சுவருக்குள்ளேயே பொதிகின்றன. உணவுத்தரத் தயாரிப்புகளில் பாஸ்போலிப்பிட்டுக்கு மூலமாகச் சோயா அல்லது சூரியகாந்தி விதையிலிருந்து எடுக்கப்படும் லெசித்தின் பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரகாம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அலெக் பேங்கம், 1960-களின் தொடக்கத்தில் லெசித்தினை நீரில் கலந்து எதிர்மின்னி நுண்ணோக்கியில் பார்த்தபோது இக்கூடுகளைக் கண்டார். ஆர். டபிள்யூ. ஹார்னுடன் இணைந்து இதனை 1964-இல் வெளியிட்டார். லிப்போசோம் என்ற பெயரைப் பரிந்துரைத்தவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் கெரால்ட் வைசுமன் ஆவார். 1970-களின் தொடக்கத்தில் கிரிகரி கிரிகோரியாடிஸ் முதலியோர், இக்கூடுகளை மருந்து சுமக்கும் ஊர்திகளாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். பூஞ்சை நோய்க்கான லிப்போசோம் ஆம்போடெரிசின் பி 1990-இல் ஐரோப்பாவிலும், புற்றுநோய்க்கான லிப்போசோம் டாக்சோரூபிசின் 1995-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றன.

இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடியாக இருந்தவர்களுள் ஒருவர் பிமல் குமார் பச்சாவத் (1925–1996). வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் துறையை நிறுவிய இவர், பின்னர் கொல்கத்தாவிலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, லிப்போசோம் ஆம்போடெரிசினை இந்தியாவிலேயே உருவாக்கும் ஆய்வை வழிநடத்தினார். மும்பையின் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் நீலிமா க்ஷீர்சாகர் தலைமையிலான குழு அம்மருந்தை நோயாளிகளிடம் சோதித்தது. 2000-களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. நோயாளிக்குச் செலுத்தும் முன் அதனை மீயொலிக் கருவியில் வைத்துக் கூடுகளின் அளவைச் சிறிதாக்க வேண்டும் என்பது அம்மருந்தின் தனித்தன்மை. கூட்டின் அளவு எவ்வளவு முக்கியமானது என்பதை இது உணர்த்துகிறது.

மருந்தும் துணையுணவும்

லிப்போசோம் என்ற பெயருக்குக் கிடைத்த நன்மதிப்பு பெரும்பாலும் ஊசி வழியே செலுத்தப்படும் மருந்துகளால் வந்தது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, லிப்போசோம் ஆம்போடெரிசினுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்நோயைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு மே மாதம் அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. எச்ஐவி தொற்றுள்ளோருக்கு வரும் கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சிக்கு, ஒரே ஒரு முறை உயர் அளவில் இம்மருந்தைக் கொடுத்து, அத்துடன் வாய்வழி மருந்துகளைத் தொடரும் முறையை உலக சுகாதார அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது.

ஊசியில் செலுத்தப்படும் கூடு நேராக இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பை அமிலத்தையோ பித்தநீரையோ சந்திப்பதில்லை. விழுங்கப்படும் துணையுணவு இவ்விரண்டையும் கடந்தாக வேண்டும். ஆகவே ஊசி மருந்தின் வெற்றியை வாய்வழிப் பொருளுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

சட்டத்தின் பார்வையிலும் வேறுபாடு உண்டு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, புதுவகை மருந்து செலுத்து முறையில் அமைந்த எந்த மருந்தும் எப்போதும் புதிய மருந்தாகவே கருதப்படும். துணையுணவுகள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் கீழ், 2016-இல் வெளியிடப்பட்ட துணையுணவு ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டவை. விளம்பரக் கூற்றுகளுக்கு 2018-ஆம் ஆண்டின் தனி ஒழுங்குமுறை உள்ளது. நானோ அளவுப் பொருள்கள் அடங்கிய உணவுகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் வெளியிட்டது.

தயாரிப்பு முறைகள்

ஆய்வுக்கூடங்களில் பெரிதும் கையாளப்படுவது மென்படல நீரேற்ற முறை. லெசித்தினும் கொலஸ்டிராலும் கரிமக் கரைப்பானில் கரைக்கப்பட்டு, உருண்டைக் குடுவையில் வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கப்படும். குடுவையின் உட்சுவரில் மெல்லிய படலம் படியும். ஊட்டச்சத்து கரைந்த நீரைச் சேர்த்துக் குலுக்கும்போது பல அடுக்குகள் கொண்ட பெரிய கூடுகள் உண்டாகும். மீயொலி செலுத்தியோ, நுண்துளைச் சவ்வு வழியே அழுத்தியோ அவை சிறிய கூடுகளாக்கப்படும்.

இம்முறையில் குளோரோபார்ம் போன்ற கரைப்பான் எஞ்சக்கூடும் என்பதால் உணவுப்பொருளுக்கு இது உகந்ததன்று. தொழிற்சாலைகளில் எத்தனால் உட்செலுத்து முறையும் உயரழுத்த ஒருபடியாக்க முறையும் பின்பற்றப்படுகின்றன. தூள் வடிவில் விற்க வேண்டுமெனில் டிரெகலோஸ் போன்ற சர்க்கரையைச் சேர்த்து உறையுலர்த்துவர். அத்தூள் மீண்டும் நீருடன் சேரும்போது கூடுகள் பழையபடி அமைகின்றனவா என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது.

லெசித்தினையும் உயிர்ச்சத்து சி-யையும் கலக்கியில் அடித்து, நகை தூய்மை செய்யும் மீயொலித் தொட்டியில் வைத்து வீட்டிலேயே லிப்போசோம் தயாரிக்கலாம் என்று கூறுவோர் உண்டு. அவ்வாறு கிடைக்கும் பால்போன்ற நீர்மம் வெறும் பால்மமாக இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது.

முதற்கட்டச் சோதனை: கூடுகள் உள்ளனவா?

அளவு: இயக்க ஒளிச்சிதறல் கருவியில் சீரொளிக் கற்றை நீர்மத்தின் ஊடே செலுத்தப்படுகிறது. சிறிய துகள்கள் விரைவாகவும் பெரியவை மெதுவாகவும் அசைவதால், சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து சராசரி விட்டம் கணிக்கப்படுகிறது. அளவுகள் எவ்வளவு சீராக உள்ளன என்பதைப் பரவல் குறியெண் காட்டும். கொழுமியக் கூடுகளுக்கு இது 0.3-க்குள் இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது எனக் கொள்ளப்படுகிறது. இக்கருவி துகளின் அளவை மட்டுமே கூறும். துகள் கூடா, கொழுப்புத் துளியா என்பதை அதனால் கூற இயலாது.

உருவம்: உறைநிலை எதிர்மின்னி நுண்ணோக்கியில் கூட்டின் சுவர் மெல்லிய வளையமாகத் தெரியும், கொழுப்புத் துளி உள்ளீடு நிறைந்த வட்டமாகத் தெரியும். கூடுகள் உள்ளன என்பதற்கான நேரடிச் சான்று இதுவே.

மேற்பரப்பு மின்னேற்றம்: சீட்டா மின்னழுத்தம் என்ற இவ்வளவு ஏறத்தாழ 30 மில்லிவோல்ட்டுக்கு மேல், நேராகவோ எதிராகவோ இருப்பின், கூடுகள் ஒன்றையொன்று விலக்கி எளிதில் திரளாமல் இருக்கும்.

அடைப்புத் திறன்: சேர்க்கப்பட்ட ஊட்டச்சத்தில் எத்தனை விழுக்காடு கூட்டுக்குள் உள்ளது என்பதே அடைப்புத் திறன். வெளியே நிற்கும் பகுதியை மையவிலக்கியாலோ சவ்வூடு பிரிப்பாலோ நீக்கியபின், கூடுகளைக் கரைப்பானால் உடைத்து, உள்ளிருந்ததை உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பு முறையில் அளப்பர். எடுத்துக்காட்டாக, 100 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உள்ள நீர்மத்தில் 60 மில்லிகிராம் வெளியே நின்றால் அடைப்புத் திறன் 40 விழுக்காடு மட்டுமே. பொதிச்சீட்டில் 100 மில்லிகிராம் என்று அச்சிடுவது பொய்யாகாது. ஆயினும் அதில் பாதிக்கும் மேற்பட்டது சாதாரண உயிர்ச்சத்து சி-யே ஆகும். நீரில் கரையும் பொருள்கள் கூட்டுக்குள் எளிதில் அடைபடுவதில்லை என்பதால் இச்சோதனை அவற்றுக்கு மிக இன்றியமையாதது.

நிலைப்புத்தன்மை: லெசித்தினின் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் காற்றுடன் வினைபுரிந்து சிக்கேறும். வெப்பத்தில் சுவர் இளகி உள்ளிருப்பது கசியும். விரைவு நிலைப்புச் சோதனையில் பொருள் 40 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைக்கப்பட்டு, அளவும் அடைப்புத் திறனும் மீண்டும் அளக்கப்படும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியசு பதிவானது. குளிரூட்டப்படாத சரக்கு வண்டியிலும் கடையிலும் கோடைக்காலத்தைக் கழிக்கும் புட்டிக்கு இச்சோதனை வெறும் சடங்கு அன்று.

இரண்டாம் கட்டச் சோதனை: செரிமானத்தைத் தாங்குமா?

இதற்குப் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று 2014-இல் வகுத்து, 2019-இல் மேம்படுத்திய இன்ஃபோஜெஸ்ட் என்ற பொதுச் செயல்முறை பயன்படுகிறது. இதில் பொருள் வாய்நிலையில் 2 நிமிடமும், கார அமிலச் சுட்டெண் 3 கொண்ட இரைப்பை நிலையில் 2 மணி நேரமும், சுட்டெண் 7 கொண்ட சிறுகுடல் நிலையில் 2 மணி நேரமும் வைக்கப்படுகிறது. இரைப்பை நிலையில் பெப்சினும், குடல் நிலையில் கணைய நொதிகளும் பித்த உப்புகளும் சேர்க்கப்படுகின்றன.

லிப்போசோமுக்குப் பெரும் சோதனை குடல் நிலையே. பித்த உப்புகள் சோப்பைப் போல் செயல்பட்டுச் சுவரைக் கரைக்கின்றன. கணையத்தின் பாஸ்போலிப்பேஸ் நொதி, சுவரின் மூலக்கூறுகளையே வெட்டுகிறது. சோயா லெசித்தினின் மென்மையான சுவர் விரைவில் சிதையும். நிறைவுற்ற கொழுப்பமிலம் கொண்ட பாஸ்போலிப்பிட்டும் கொலஸ்டிராலும் சேர்ந்த சுவர் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

கூடு சிதைந்தாலும் பயன் முற்றிலும் அற்றுப்போவதில்லை. சிதைந்த கொழுமியங்கள் பித்த உப்புகளுடன் சேர்ந்து கலப்பு மிசெல்கள் என்னும் நுண்திரள்களாகின்றன. கொழுப்பில் கரையும் ஊட்டச்சத்துகள் இவற்றில் ஏறியே குடற்சுவரை அடைகின்றன. எனவே உயிர்ச்சத்து டி, குர்குமின் போன்றவற்றில் காணப்படும் முன்னேற்றம், கூடு முழுதாகச் சென்று சேர்ந்ததால் அன்றி, உடன் சென்ற கொழுப்பினாலும் விளைந்திருக்கலாம். சாதாரண மாத்திரையை எண்ணெய் சேர்ந்த உணவோடு உண்பதும் ஓரளவு இதே வழியில் உதவுகிறது.

தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தில், மனித இரைப்பையையும் சிறுகுடலையும் போல அசைந்து இயங்கும் செயற்கைச் செரிமான அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது. இந்நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் சி. ஆனந்தராமகிருஷ்ணன், உணவுச் சத்துகளை நானோ அளவில் பொதிவது குறித்து நூல்கள் எழுதியவர். செரிமானத்துக்குப் பிந்திய உட்கிரகிப்பை அறிய, மனிதப் பெருங்குடல் புற்றணுக்களிலிருந்து பெறப்பட்ட காக்கோ-2 உயிரணுக்களைச் சவ்வின் மீது ஏறத்தாழ 21 நாள் வளர்த்து, அவற்றின் ஊடே பொருள் கடப்பதை அளப்பது உலகெங்கும் வழக்கம்.

மூன்றாம் கட்டச் சோதனை: உடலுக்குப் பயன் உண்டா?

இறுதிச் சான்று மனிதரிடம் செய்யும் ஆய்விலிருந்தே கிடைக்கும். ஒரே நபருக்கு ஒரு முறை சாதாரணப் பொருளையும், இடைவெளி விட்டு மறுமுறை லிப்போசோம் பொருளையும் அதே அளவில் கொடுத்து, பல மணி நேரம் இரத்த மாதிரிகள் எடுக்கப்படும். நேரத்துக்கு எதிராக வரையப்படும் இரத்தச் செறிவு வளைகோட்டின் கீழுள்ள பரப்பு, உட்சென்ற அளவை ஒப்பிட உதவும். வெற்றுக் கூடுகளையும் தனி உயிர்ச்சத்தையும் கலந்து கொடுக்கும் மூன்றாவது பிரிவும் இருந்தால், பயன் கூட்டினாலா கொழுப்பினாலா என்பது தெளிவாகும்.

உயிர்ச்சத்து சி: 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 11 பேருக்கு 4 கிராம் உயிர்ச்சத்து சி வெவ்வேறு வடிவங்களில் கொடுக்கப்பட்டது. லிப்போசோம் வடிவம் சாதாரண வடிவத்தை விட இரத்தத்தில் கூடுதல் செறிவைத் தந்தது. நரம்பு வழி ஊசியை விடக் குறைவாகவே தந்தது. ஆனால் 4 கிராம் என்பது அன்றாடத் தேவையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020-இல் பரிந்துரைத்த நாளளவு ஆண்களுக்கு 80 மில்லிகிராமும் பெண்களுக்கு 65 மில்லிகிராமும் ஆகும். மார்க் லெவின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 200 மில்லிகிராம் வரையிலான ஒற்றை அளவு ஏறத்தாழ முழுவதும் உடலில் சேர்கிறது. அதற்கு மேல் செல்லச் செல்ல உட்கிரகிப்பு விழுக்காடு குறைந்து, மிகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் உயிர்ச்சத்து சி உள்ளது. அன்றாடத் தேவை அளவில், முழுதும் உட்செல்வதை மேலும் உட்செலுத்தக் கூடு எதுவும் தேவையில்லை.

இரும்புச்சத்து: 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையோர். சாதாரண இரும்பு மாத்திரை வயிற்றெரிச்சல், மலச்சிக்கல் ஆகியவற்றைத் தருவதால் பலர் இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். எனவே மேம்பட்ட வடிவத்தின் தேவை இங்கு உண்மையானது. இத்தாலியில் நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் 99 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லிப்போசோம் இரும்பு மூன்று மாத முடிவில் ஊசி இரும்புக்கு இணையாகக் குருதிச் சிவப்பை உயர்த்தியது. பக்கவிளைவும் குறைவாக இருந்தது. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பை ஊசியே நன்கு நிரப்பியது. மேலும், விலை குறைந்த சாதாரண மாத்திரையுடன் இவ்வாய்வில் ஒப்பிடவில்லை.

குர்குமின்: இது தனித்து உண்ணப்படும்போது மிகக் குறைவாகவே இரத்தத்தை அடைகிறது. பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது கண்டறிய இயலாத அளவிலோ மிகக் குறைவாகவோ இருந்தது. மிளகின் பிப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உயிர்க்கிடைப்பு 2000 விழுக்காடு உயர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. தொடக்க அளவு மிகச் சிறியதாக இருக்கும்போது இத்தகைய பெரிய விழுக்காடுகள் எளிதில் கிடைக்கும். 1 நானோகிராம் 10 நானோகிராமானால் அது பத்து மடங்குதான். ஆயினும் 10 நானோகிராம் உடலில் ஏதேனும் செய்ய வல்லதா என்பது வேறு வினா. "எத்தனை மடங்கு" என்ற கூற்றுடன் "எதை விட", "எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு" என்பனவும் தெரிந்தாலன்றி அதனை மதிப்பிட இயலாது.

உட்கிரகிப்பு கூடுவது எப்போதும் நன்மையன்று. உயிர்ச்சத்து ஏ, உயிர்ச்சத்து டி, இரும்பு ஆகியவை மிகுந்தால் நஞ்சாகும். கிடைப்பளவு உண்மையிலேயே உயர்ந்தால் கொடுக்கும் அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

தாம்பரம் மற்றும் தென்சென்னைப் பகுதியில்

கிண்டியிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டியும், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியும் மருந்தாக்கவியல் கற்பிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. பல்லாவரத்திலுள்ள வேல்ஸ் நிறுவனம், காட்டாங்குளத்தூரிலுள்ள எஸ்.ஆர்.எம். மருந்தியல் கல்லூரி, துரைப்பாக்கத்திலுள்ள சி. எல். பெய்து மேத்தா மருந்தியல் கல்லூரி ஆகியன அவற்றுள் சில. இந்திய மருந்தியல் மன்றத்தின் இளநிலைப் பாடத்திட்டத்தில் ஏழாம் பருவத்தில் வரும் புதுவகை மருந்து செலுத்து முறைகள் என்ற தாளில் லிப்போசோம் பாடமாக உள்ளது.

கிண்டியில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் நுட்பப் பகுப்பாய்வுக் கருவிகளுக்கான மையம் ஒன்று இயங்குகிறது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் தமிழ்நாடு அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் உள்ளது. உணவுப் பகுப்பாய்வில் ஒரு துணையுணவின் மொத்த உயிர்ச்சத்து அளவு சரியென்று கண்டாலும், அச்சத்து கூட்டுக்குள் உள்ளதா என்பது அதிலிருந்து தெரியாது. அதற்கு மேலே கூறிய முதற்கட்டச் சோதனைகள் தனியே தேவை.

தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை 1928-இல் காசநோய் நிலையமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் எச்ஐவி சிகிச்சைக்கும் பெயர்பெற்றது. இத்தகைய மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு ஒரு பெரிய இடர். விலைமிக்க துணையுணவுக்குச் செலவிடும் பணம், பல குடும்பங்களில் முட்டை, பயறு, பால் ஆகியவற்றுக்கான பணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

பொதிச்சீட்டில் காண வேண்டியவை

இந்தியாவில் விற்கப்படும் துணையுணவின் பொதிச்சீட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், அது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். லிப்போசோம் எனக் கூறும் பொருளுக்கு இவற்றுடன் சராசரி விட்டம், அடைப்புத் திறன், அது அளக்கப்பட்ட நாள், வைக்க வேண்டிய வெப்பநிலை ஆகியனவும் தரப்பட்டிருந்தால் கூற்றைச் சரிபார்க்க வழியுண்டு. மனித ஆய்வு மேற்கோள் காட்டப்பட்டிருப்பின், அது அதே தயாரிப்பின் மீது செய்யப்பட்டதா, அதே அளவில் செய்யப்பட்டதா, எதனுடன் ஒப்பிடப்பட்டது என்பன நோக்கத்தக்கவை. ஒரு நிறுவனத்தின் லிப்போசோம் மீது செய்த ஆய்வு, வேறு லெசித்தினும் வேறு முறையும் கொண்டு செய்த மற்றொரு நிறுவனத்தின் பொருளுக்குப் பொருந்தாது.